மரியோ கார்ட் கடற்கரை டிராக்குகள்: தண்ணி ஓரத்துல போற நேரத்தை எப்படி மீட்கிறது?

ஈரமணல்

எல்லாருக்கும் வணக்கம். ஒரே நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில இப்போ நாலு காலத்து மரியோ கார்ட் ரேஸ் கேம்களோட கடற்கரை டிராக்குகளை ஓட்ட முடியுது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல சீப் சீப் பீச் இருக்கு. ஆன்லைன் சந்தாவுல 1992 சூப்பர் மரியோ கார்ட்டோட கூப்பா பீச் 1, 2 கிடைக்குது. எக்ஸ்பான்ஷன் பேக் எடுத்தா மரியோ கார்ட் 64-ல கூப்பா ட்ரூப்பா பீச், சூப்பர் சர்க்யூட்ல ஷை கை பீச். மத்த டிராக்குகள்ல என் நேரம் சுமாரா வருது, இந்த நாலு கேமோட கடற்கரைகள்ல மட்டும் ஒவ்வொரு லேப்லயும் எங்கேயோ விட்டுடறேன். குறிப்பா இதெல்லாம் தெரியணும்:

எந்தத் தண்ணி வண்டியை இழுக்குது, எது இழுக்காது? பார்க்க எல்லாம் ஒரே நீலமாத்தான் இருக்கு.

64-ல பாறைச் சுவர்ல மேலே ஒரு துளை இருக்கே, சாய்வுப் பலகை வழியா அதுக்குள்ள பாயப் பார்த்தா பாதி தடவை பாறையில முட்டிக் கீழே விழுந்துடுது. அதுக்கு முறை என்ன?

8 டீலக்ஸ்ல எவ்வளவு நேரம் டிரிஃப்ட் (வளைவுல சறுக்கிப் போறது) பிடிச்சாலும் சக்கரத்துல வர்ற பொறி நீலம், ஆரஞ்சு ரெண்டோட நின்னுடுது. ஊதாப் பொறி வரவே மாட்டேங்குது. மணல் டிராக்ல அது வராதா?

கடைசியா, மணலுக்குன்னு ஆஃப் ரோடு டயர் போட்டா பலன் உண்டா?

அலைவிளிம்பு

தண்ணியிலிருந்தே ஆரம்பிக்கலாம், மத்ததெல்லாம் அதை வச்சுத்தான். நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு கேமும் தண்ணியை ஒவ்வொரு விதமா நடத்துது. சூப்பர் மரியோ கார்ட்லயும் 64-லயும் ஆழத்துக்குள்ள போனா ஓட்டவே முடியாது, மேகத்துல வர்ற லகிடுங்கிற நடுவர் தூக்கிக் கரையில விடுவார். சூப்பர் மரியோ கார்ட்ல அதுக்குக் கூலியா 2 காயினும் எடுத்துக்குவார். 2011-ல வந்த மரியோ கார்ட் 7-லதான் தண்ணிக்கு அடியில ஓட்டறது தொடங்குச்சு. 8-லயும் அதே வழிதான். அதனால சீப் சீப் பீச்ல கடலுக்குள்ள இறங்கறது தப்பு இல்ல, அதுவும் பாதைதான்.

ஆழமில்லாத ஓரத்தண்ணியை நீங்களே சோதிச்சுப் பார்க்கறதுதான் நல்லது, பத்து நிமிஷ வேலை. டைம் ட்ரயல்ஸ்ல (கடிகாரத்தோட தனியா ஓட்டற முறை) போங்க. வேகம் தர்ற ஐட்டமான மஷ்ரூமைத் தொடாதீங்க. தண்ணி ஓரமா நேராப் போற ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, முதல் லேப்ல காஞ்ச மணல்ல, ரெண்டாவது லேப்ல அலை நுரையிற கோட்டுல, மூணாவது லேப்ல முழுக்கத் தண்ணிக்குள்ள ஓட்டுங்க. ஒரே இடத்துல நுழைஞ்சு ஒரே இடத்துல வெளியே வரணும், நடுவுல டிரிஃப்ட் கூடாது. இழுக்கற தரையா இருந்தா இன்ஜின் சத்தம் உடனே தாழும், கண்ணைவிடக் காதுக்கு அது முதல்ல தெரியும். சத்தம் மாறலைன்னா அந்தத் தண்ணி வெறும் அலங்காரம், தாராளமா அதுல வெட்டிப் போங்க.

சீப் சீப் பீச்ல நேரம் போற இடம் பெரும்பாலும் தண்ணி இல்ல, வளைவோட உள்பக்க மணல். அங்கே ஒரு சக்கரம் ஏறினாப் போதும், வேகம் விழுந்துடும். கடற்கரை அகலமா இருக்கறதால டிரிஃப்ட்டைத் தாமதமா ஆரம்பிக்கத் தோணும், அப்படி ஆரம்பிச்சா வளைவு முடியற இடத்துல உள்பக்கம் சறுக்கி ஏறிடுவீங்க. முன்கூட்டியே, வெளிப்பக்கத்திலிருந்து தொடங்குங்க. மணலை வெட்டித்தான் போகணும்னா மஷ்ரூம் வேணும். மஷ்ரூம், ஸ்டார், புல்லட் பில் இந்த மூணு ஐட்டத்துல ஒண்ணு வேலை செய்யறப்போ மணல் வண்டியை இழுக்காது.

இன்னொரு விஷயம் டீலக்ஸுக்கு மட்டும். ரெண்டு ஐட்டம் வச்சிருக்கும்போது முன்னால இருக்கறதைப் பயன்படுத்தினாத்தான் பின்னால இருக்கறது வரும், மாத்திக்க வழி இல்ல. மஷ்ரூம் பின்னால மாட்டிக்கிச்சுன்னா, மணல் வெட்டு வர்றதுக்கு முன்னாடியே முன் ஐட்டத்தைக் கழிச்சுடணும். வாழைப்பழமா இருந்தா வளைவுக்குள்ள நுழையற கோட்டுல போட்டுட்டுப் போங்க. வளைவு வர்ற வரைக்கும் அதைக் கையில பிடிச்சிருந்தா மஷ்ரூம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தண்ணிக்கு அடியில வண்டி மிதந்த மாதிரி அகலமா ஒதுங்கும். தரையில திருப்பற அளவே அங்கேயும் திருப்பினா வெளிப்பக்கம் போய் இடிக்கும். கொஞ்சம் சீக்கிரமாத் திருப்பத் தொடங்குங்க. மினி டர்போ (டிரிஃப்ட்டை விட்டதும் கிடைக்கற வேகப் பாய்ச்சல்) அங்கேயும் வேலை செய்யும், விட்டுடாதீங்க.

பச்சைஓடு

64 துளையைப் பத்தி நான் சொல்றேன்.

பாறையில முட்டறதுக்குக் காரணம் ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு கோணம், இன்னொண்ணு மஷ்ரூம் அழுத்தற நேரம். கோணம்தான் பெரியது. பலகைக்கு ரொம்பப் பக்கத்துல வந்து திருப்பினா வண்டி இன்னும் சறுக்கிக்கிட்டு இருக்கும்போதே பலகை ஏறிடும், பறக்கும்போது பக்கவாட்டுல விலகி துளையோட விளிம்புல இடிக்கும். அதனால பலகைக்கு வெகு முன்னாடியே வண்டியை நேராக்கிடுங்க. துளை திரையோட நடுவுல தெரியணும். அப்புறம் ஸ்டிக்கைத் தொடவே கூடாது.

மஷ்ரூமைப் பலகையோட அடியில சக்கரம் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அழுத்துங்க. பலகை மேல ஏறின பிறகு அழுத்தினா வேகம் முழுசா ஏறறதுக்குள்ள பலகை முடிஞ்சுடும், துளைக்குக் கீழே முட்டுவீங்க. ரொம்ப முன்னாடி அழுத்தினா பாய்ச்சல் பலகை வர்றதுக்குள்ளேயே தீர்ந்துடும். மஷ்ரூம் இல்லாம முயற்சி பண்ணவே வேண்டாம், சாதாரண வேகத்துக்கு அந்த உயரம் எட்டாது.

இந்த டிராக்ல கணக்கு அழகாப் பொருந்துது. டைம் ட்ரயல்ஸ்ல ஆரம்பத்துலயே மூணு மஷ்ரூம் தர்றாங்க, ஓடவேண்டியது 3 லேப். லேப்புக்கு ஒண்ணு. வேற எங்கேயும் செலவழிக்காதீங்க. மத்தவங்களோட போட்டி போடற கிராண்ட் ப்ரீல மஷ்ரூம் கையில இல்லாத லேப்ல பலகைப் பக்கமே திரும்பாம சுத்து வழியிலேயே போறதுதான் வேகம். பாறையில ஒரு தடவை முட்டினா, மறுபடி வேகம் எடுக்கறதுக்குள்ள சுத்து வழியில போனவங்க முந்திடுவாங்க. டிராக்கோட மொத்த நீளமே 691 மீட்டர்தான், விட்டதைப் பிடிக்க இடம் கிடையாது.

64 மினி டர்போ இப்போதைய கேம் மாதிரி தானா ஏறாது. ஆர் பட்டனை அழுத்தித் துள்ளி இடப்பக்கம் சறுக்கத் தொடங்குங்க. ஆர் பிடிச்சபடியே ஸ்டிக்கை வலப்பக்கம் தட்டி மறுபடி இடப்பக்கம் கொண்டுவாங்க, பின்னாடி வர்ற புகை வெள்ளையிலிருந்து மஞ்சளாகும். இன்னொரு தடவை அதே மாதிரி பண்ணினா சிவக்கும். அப்போ ஆரை விடுங்க. மஞ்சள்லயே விட்டா ஒண்ணும் கிடைக்காது. கடற்கரை அகலமா இருக்கறதால இந்த ரெண்டு ஆட்டலுக்கும் இடம் தாராளமா இருக்கு, பழகறதுக்கு இதைவிட நல்ல டிராக் அந்தக் கேம்ல கிடையாதுன்னே சொல்வேன். ஓட்டற பாத்திரங்கள்ல இளவரசி பீச், டோட், யோஷி மூணு பேரும் எடை குறைஞ்சவங்க, இடிபட்டாலும் சீக்கிரம் வேகம் பிடிப்பாங்க. முதல்ல அவங்களை வச்சுப் பழகுங்க.

நண்டுகளைப் பத்தியும் ஒரு வார்த்தை. அவை துரத்தாது, பக்கவாட்டுல போய் வரும், அவ்வளவுதான். நண்டு எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கம் ஒதுங்காதீங்க. அது விட்டுட்டுப் போன இடத்தைக் குறி வச்சு, அதோட முதுகுப் பக்கமாப் போங்க. சீப் சீப் பீச் நண்டுகளுக்கும் இதே வழிதான்.

நுரைக்கோடு

சூப்பர் மரியோ கார்ட், சூப்பர் சர்க்யூட் ரெண்டோட டிராக்குகளையும் யாரும் தொடலை, அதனால சுருக்கமா. சூப்பர் மரியோ கார்ட்ல ரேஸுக்கு 5 லேப். கூப்பா பீச் 1 ஸ்டார் கப்ல வருது, 2 ஸ்பெஷல் கப்ல. அதுல காயின்தான் உயிர். கையில காயின் இருந்தா உச்ச வேகம் கூடும், 10 வரைக்கும். சுத்தமா இல்லாம யாரையாவது உரசினா வண்டி சுழன்றுடும். அதனால ஆழத்துல விழுந்து 2 காயின் போறது ரெண்டு அடி, நேரமும் போகுது, அடுத்த லேப்போட வேகமும் போகுது. முதல் லேப்ல குறுக்கு வழி எதையும் பார்க்காம காயினை வாரிக்கங்க. உயரத் துள்ள வைக்கற இறகு ஐட்டம் கிடைச்சா ஆழமான தண்ணி குறுகலா இருக்கற இடத்துல அதைத் தாண்டப் பயன்படுத்தலாம், ஆனா துள்ளும்போது இறங்கற இடம் கண்ணுக்குத் தெரியணும். இந்த ரெண்டு டிராக்கும் 2001 சூப்பர் சர்க்யூட்லயும் இருக்கு, அங்கே இறகு கிடையாது. ஒண்ணுல பழகின வழியை இன்னொண்ணுல தேடாதீங்க.

ஷை கை பீச் மஷ்ரூம் கப்போட ரெண்டாவது டிராக். சூப்பர் சர்க்யூட்லயும் காயின் விதி அதேதான். அங்கே நண்டு மேல மோதறதுதான் அதிகம், தண்ணியில விடற நேரம் அதுக்கு அடுத்தபடிதான்.

இந்த ஸ்விட்ச் பட்டியல்ல இல்லாத ஒண்ணைச் சொல்லாம இருக்க முடியலை. 2003 மரியோ கார்ட் டபுள் டாஷ்ல வந்து 2008 மரியோ கார்ட் வீயிலயும் திரும்பி வந்த பீச் பீச், அதாவது இளவரசி பீச்சோட கடற்கரை. தொடர்ல இருக்கற கடற்கரைகள்லயே அதுதான் உண்மையான கடற்கரைன்னு நினைக்கறேன், ஏன்னா அங்கே அலை உள்ளே வருது, வெளியே போகுது. அலை வாங்கும்போது ஈர மணல் வெளியே தெரிஞ்சு கடல் பக்கம் புதுசா இடம் திறக்கும். ஏறும்போது அதே இடம் தண்ணிக்குள்ள போயிடும். போன லேப்ல சரியா இருந்த கோடு இந்த லேப்ல சரியா இருக்காது. பாதையைப் பார்க்காம தண்ணியோட விளிம்பைப் பார்த்து ஓட்டணும். அதோட அங்கே திரியற வாத்து மாதிரி கேட்டாக்வாக், கிட்ட வந்தா வண்டியை அப்படியே மேல தூக்கி வீசும். 2025-ல ஸ்விட்ச் 2-க்கு வந்த மரியோ கார்ட் வேர்ல்ட்லயும் பீச் பீச் இருக்கு, கூப்பா ட்ரூப்பா பீச்சும் இருக்கு. ஆனா அதுல வண்டி தண்ணி மேலேயே ஓடும். ஆழம் பிரச்சினையே இல்ல, அலை முகட்டுல துள்ளி ட்ரிக் போட்டு வேகம் எடுக்கறதுதான் அங்கே கத்துக்க வேண்டியது.

ஈரமணல்

மூணு பேருக்கும் நன்றி. சத்தம் கேட்டுப் பார்க்கிற சோதனை நல்லா வேலை செய்யுது, எங்கே இழுக்குதுன்னு இப்போ தெரிஞ்சுடுச்சு. 64 துளையிலயும் வண்டியை முன்னாடியே நேராக்கினதும் முட்டறது குறைஞ்சுடுச்சு. ஊதாப் பொறி மட்டும் இன்னும் வரலை. நீளமான வளைவுலகூட ஆரஞ்சோட நின்னுடுது. இன்னொண்ணையும் கவனிச்சேன், மணல்ல வெட்டிப் போகத் திருப்பினா வண்டி தானாப் பாதைக்குத் திரும்பற மாதிரி இருக்கு.

அலைவிளிம்பு

கடைசி வரியிலேயே விடை இருக்கு. ஸ்மார்ட் ஸ்டீரிங் போட்டிருக்கீங்க. வண்டிக்குப் பின்னால சின்ன ஆன்டெனா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அதுதான் அடையாளம். அது பாதையை விட்டு விலக விடாது, அதனால குறுக்கு வெட்டும் போச்சு. அது ஆன்ல இருக்கற வரைக்கும் மூணாவது நிலை மினி டர்போவும் கிடைக்காது, எவ்வளவு நேரம் பிடிச்சாலும் ஆரஞ்சுதான். மணலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ரேஸ்ல பிளஸ் பட்டன் அழுத்தினா வர்ற மெனுல அதை அணைச்சுடலாம். ஆன்டெனா மறைஞ்சதான்னு பார்த்துட்டு ஓட்டுங்க. முதல் சில ரேஸ்ல அடிக்கடி மணல் ஏறும், இதுவரைக்கும் அது உங்களைத் தாங்கிக்கிட்டு இருந்ததால. அதுக்காகத் திரும்பப் போட்டுடாதீங்க.

அணைச்ச பிறகு, டிரிஃப்ட்ல ஸ்டிக்கை வளைவோட உள்பக்கம் நல்லா அழுத்திப் பிடிங்க, பொறி சீக்கிரம் ஏறும். வெளிப்பக்கம் தளர்த்தினா மெதுவாத்தான் ஏறும். 200 சிசிங்கிற அதிவேகப் பிரிவுல வேகம் தாங்கலைன்னா டிரிஃப்ட் நடுவுலயே பி பட்டனைத் தொட்டு விடுங்க. பிரேக் பிடிக்கும், டிரிஃப்ட் கலையாது.

டயர் கேள்விக்கு: ஆஃப் ரோடு டயரைப் பரிந்துரைக்க மாட்டேன். மணல்ல ஏறாம ஓட்டறதுதான் நோக்கம், ஏற வேண்டிய ஒரு இடத்துக்கு மஷ்ரூம் இருக்கு. மணல்ல கிடைக்கற சின்ன லாபத்துக்காக மீதி டிராக் முழுக்க மினி டர்போவை இழக்கறது நஷ்டம். மெனுல காட்டற பட்டைகள்ல மினி டர்போ வராது, அது மறைஞ்சு இருக்கற எண். வேகத்துக்கும் ஒரே பட்டைதான் தெரியும், உள்ளே தரை, தண்ணி, காத்து, ஆன்டி கிராவிட்டின்னு தனித்தனியா இருக்கு. அதனால பட்டையை மட்டும் பார்த்து வண்டி எடுக்காதீங்க. பிட்டி பக்கி வண்டியும் ரோலர் டயரும் சேர்த்துப் போட்டுப் பாருங்க, மினி டர்போ அதிகம். எடை குறைவா இருக்கறதால பெரிய ஆளுங்க இடிச்சா தள்ளிப் போகும், கூட்டத்துல கடல் பக்கம் ஒட்டாம உள்பக்கமா ஓட்டுங்க.

பச்சைஓடு

ஒரு சேர்க்கை. அணைச்சதும் நேரா ரேஸுக்குப் போகாம, டைம் ட்ரயல்ஸ்ல உங்க பழைய கோஸ்ட்டையே (முன்னாடி நீங்க ஓட்டினதோட நிழல் பதிவு) கூட ஓட விடுங்க. எந்த வளைவுல அது முந்துது, எங்கே பின்தங்குதுன்னு பார்த்துட்டு அந்த ஒரு வளைவை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டுங்க. மூணு மஷ்ரூமையும் ஒரே மணல் வெட்டுல, லேப்புக்கு ஒண்ணா வச்சுப் பாருங்க. அடுத்த தடவை வேற வெட்டுல வைங்க. எது நேரம் குறைக்குதுன்னு கடிகாரமே காட்டிடும்.