புதுப்பிப்பு: நியூசிலாந்து தென்தீவு, மில்ஃபோர்டு நாள்

பதின்வயதுப் பிள்ளைகளோடு தென்தீவைக் காரில் சுற்ற நான் முன்பு இங்கே போட்ட பயணத் திட்டத்தில் ஒரு மாற்றம். குயின்ஸ்டவுன் நகரத்திலிருந்து, மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டுக்கு ஒரே நாளில் போய்வருவதை எடுத்துவிட்டேன். ஒரு வழியே சுமார் 290 கி.மீ., கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். அங்கே படகுச் சவாரியும் போய்விட்டு, களைப்போடு இருட்டில் மலை வளைவுகளில் ஓட்டுவது ஆபத்து.

அதற்குப் பதிலாக, வழியில் உள்ள தே அனா ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து மில்ஃபோர்டுக்கு 120 கி.மீ.தான். பெட்ரோல் டாங்கை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அந்த ஊரைத் தாண்டினால் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடம், பாட்டு எல்லாவற்றையும் முந்தின இரவே இறக்கி வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், நன்றாகவே செய்வார்கள்.

குளிர்காலத்தில், பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலி காரில் இருக்கட்டும். பனிச்சரிவு அபாயம் வந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். அதனால் ரத்து செய்யக்கூடிய படகு டிக்கெட்டே எடுங்கள்.