புதுப்பிப்பு: இரவு வியர்வை, மூன்று மாதம் கழித்து

49 வயதில் மாதவிடாய் தள்ளிப்போகிறது, நடு இரவில் நைட்டி நனைய வியர்க்கிறது, இது தைராய்டா மெனோபாஸா என்று கேட்டிருந்தேன் அல்லவா? தைராய்டு சரியாக இருக்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்காம். எனக்கு ஏழுதான் ஆகிறது. நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வரச் சொன்னார் டாக்டர்.

மெனோபாஸ் சமயத்தில் எலும்பும் பலவீனமாகலாம் என்பதால் எடுத்த எலும்பு ஸ்கேனில் டி-ஸ்கோர் (எலும்பின் அடர்த்தியைக் காட்டும் எண்) மைனஸ் 1.6. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் எலும்புப்புரை என்றாலும், பயந்துதான் போனேன். அப்புறம் காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் மொட்டைமாடியில் வேகநடை, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கிப் பயிற்சி. மாலை காபியை விட்டதுதான் பெரிய கொடுமை! ஆனால் வியர்வை பாதியாகக் குறைந்திருக்கிறது. வீட்டுக்காரரும் ஃபேனைக் குறைக்கச் சொல்வதில்லை, தனக்கொரு கம்பளி வாங்கிக்கொண்டார்.