மறுமொழி: ‘ஊனவேடம்’ என்ற சொல் பற்றி

அன்புள்ள சொற்பட்டியல் குழுவினருக்கு,

உடற்குறை இல்லாத நடிகர், உடற்குறை உள்ள பாத்திரத்தை ஏற்று நடிப்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று தங்கை ஒருவர் இங்கே கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் திரை விமர்சனம் எழுதுகிறவர்கள் இதை ஒவ்வொரு முறையும் ஒரு முழு வாக்கியமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெயரில்லாத வழக்கத்தைக் கேள்வி கேட்பது கடினம். அதனால்தான் ‘ஊனவேடம்’ என்று முன்மொழிந்தேன். வந்த மறுப்புகளை எல்லாம் படித்த பிறகும் அதே நிலையில்தான் இருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக நடித்த வழக்கத்தின் பெயரை ஒட்டிப் பிறந்தது. நம்மிடம் அந்த வரலாறு இல்லை, கூத்து இருக்கிறது. நம் கூத்துகளில் நெடுங்காலம் ஆண்களே பெண்வேடம் கட்டி ஆடினார்கள். அந்தச் சொல்லில் இழிவு எதுவும் இல்லை. ஆடியவரின் திறமையை யாரும் குறைத்துப் பேசுவதும் இல்லை. ஆனாலும் ‘பெண்வேடம்’ என்றவுடன், பெண்கள் ஏன் களரியில் இல்லை என்ற கேள்வி கூடவே எழுகிறது. எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

தம்பி ஒருவர் ‘ஊன நடிப்பு’ போதாதா என்றார். போதாது. பஸ் நிலையத்தில் கையேந்தி நிற்பவரைப் பார்த்து “எல்லாம் நடிப்பு” என்று சொல்லிக் கடந்து போகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பழிக்கு நாமே ஒரு கலைச்சொல்லைக் கொடுத்துவிடக் கூடாது. ‘போலி ஊனம்’ பொய்ச் சான்றிதழை நினைவூட்டுகிறது. ‘மாற்றுத்திறன் வேடம்’ என்றால் ஏதோ தனித் திறமையைக் காட்டும் வேடம் என்று பொருள்படும்.

குழுவில் ஐயா ஒருவர் எழுதிய மறுப்பு கனமானது. ‘ஊனம்’ என்பதை விட்டுவிடத்தானே இவ்வளவு காலம் போராடினோம் என்கிறார். 2024இல் இந்திய உச்ச நீதிமன்றம், திரையில் உடற்குறையுள்ளோரைச் சித்திரிப்பது பற்றிய தீர்ப்பில், மனிதரைச் சிறுமைப்படுத்தும் சொற்களைத் தவிர்க்கச் சொன்னதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். இரண்டையும் ஏற்கிறேன். எவரையும் ‘ஊனமுற்றவர்’ என்று அழைக்க நான் கேட்கவில்லை. இந்தச் சொல் ஓர் ஆளைக் குறிப்பதில்லை, அணியப்படும் வேடத்தைக் குறிக்கிறது.

இந்த இடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். சித்திரை வெயிலில் கால் பொருந்தும் குழிக்குள் வியர்வை தேங்கும். எஞ்சிய காலில் அணிந்திருக்கும் உறை நனைந்து வழுக்கத் தொடங்கும். பருத்தித்துறை பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் காலைக் கழற்றி, உறையைப் பிழிந்து, தோலைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வேன். பொழுது சாயும்போது எஞ்சிய கால் சற்றுச் சுருங்கிவிடும். குழி தளராமல் இருக்க மேலே இன்னோர் உறை போட வேண்டும். திரையில் செயற்கைக்காலுடன் வரும் எவரும் உறை மாற்றியதை நான் பார்த்ததில்லை. அவர்கள் நொண்டுகிறார்கள், அவ்வளவுதான். குழி நன்றாகப் பொருந்தியிருந்தால் எங்களில் பலர் நொண்டுவதே இல்லை.

1976இல் பிரித்தானியாவில் உடற்குறையுள்ளோரின் அமைப்பு ஒன்று, குறை வேறு, இயலாமை வேறு என்று பிரித்து வரையறுத்தது. குறை உடலில் இருக்கிறது. இயலாமையைச் சமூகம் சுமத்துகிறது. பஸ்ஸின் உயரமான மிதிபலகையும், படிகள் மட்டுமே உள்ள அலுவலகமும், “இவருக்கு எதற்கு இந்த வேலை” என்ற பார்வையும் இரண்டாவது வகை. நடிகர் எடுத்து அணிவது முதலாவதை மட்டுமே: மேலே செருகிய கண், இழுபடும் கால், கோணிய வாய். ஆகவே இந்த வேடத்துக்கு ‘ஊனம்’ என்ற அடை பொருந்துகிறது. அந்த நடிப்பு எவ்வளவு குறுகியது என்பதையும் அதுவே காட்டிவிடுகிறது.

எடுத்துக்காட்டு கேட்டவர்களுக்கு: ‘16 வயதினிலே’ (1977) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற சப்பாணி. அந்தப் பெயரால் என்னை அழைத்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் அன்பானவர்கள். காலை ஊன்ற முடியாத ஒருவரை அழைக்க அவர்களுக்குக் கிடைத்திருந்த பெயர் அதுதான். ‘நான் கடவுள்’ (2009) இன்னும் கூர்மையான சான்று. பார்வையற்ற பாடகியாக நடித்தவர் பார்வையுள்ள பூஜா. அவரைச் சுற்றி இரந்து நிற்கும் கூட்டத்தில் உண்மையாகவே உடற்குறை உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். முதன்மைப் பாத்திரத்துக்கு ஊனவேடம், பின்னணிக்கு உண்மை உடல்கள். இந்த ஏற்பாட்டை ஒரே வரியில் சொல்ல இப்போது நம்மிடம் சொல் இருக்கிறது.

வேறு வழி இல்லை என்பதும் சரியல்ல. படைப் பயிற்சியில் வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்த ஹரோல்ட் ரசல், 1946இல் வெளிவந்த படத்தில் கையிழந்த போர்வீரராக நடித்து, அந்த ஒரே பாத்திரத்துக்கு இரண்டு ஆஸ்கார் விருதுகள் பெற்றார். 2022இல் செவிப்புலனற்ற டிராய் கொட்சுர் துணை நடிகருக்கான ஆஸ்காரைப் பெற்றார். வெடிபொருளில் கைகால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வடக்கில் எடுக்கப்படும் குறும்படத்துக்கும் ஊனவேடம்தான் தேவைப்படுகிறதென்றால், நம் இயக்குநர்கள் தேடவில்லை என்றே சொல்வேன்.

இதற்கு எதிர்ச்சொல் வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். கையிழந்தவர் கையிழந்தவராக நடித்தால் அதற்கு ‘நடிப்பு’ போதும்.

சொற்பட்டியலுக்கான வரைவு:

ஊனவேடம் (பெயர்ச்சொல்): உடல், புலன், அறிவு சார்ந்த குறைபாடு இல்லாத நடிகர், அக்குறைபாடுள்ள பாத்திரத்தை ஏற்று நடித்தல். வினை: ஊனவேடமிடு.

‘ஊனவேடதாரி’ என்பதைச் சேர்க்கவில்லை. ‘வேடதாரி’ தமிழில் வஞ்சகனையும் குறிக்கும். தனி நடிகரைத் திட்டுவதற்காக இந்தச் சொல்லை உருவாக்கவில்லை. அவரைக் குறிக்கப் பொருத்தமான வடிவம் ஏதும் தோன்றினால் எழுதுங்கள்.