விரால் அடிப்பான் கூட்டில் தூண்டில் நரம்பு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒரு விரால் அடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் பெரிய வேட்டைப் பறவை) ஜோடியை முட்டையிட்ட நாளிலிருந்து தொலைநோக்கியில் பார்த்து வருகிறேன். 3 முட்டை, 38 நாள் அடைகாப்பு, மூன்றும் பொரிந்தன. அதற்கடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் கலங்கினால் மேலிருந்து மீன் தெரியாது. ஆண் பறவை பெரும்பாலும் வெறுங்காலோடுதான் திரும்புகிறது. நேற்று ஒரே ஒரு மீன், அதிலும் தலைப்பக்கத்தை அதுவே தின்றுவிட்டது. தாய் நனைந்த இறக்கையை விரித்தபடியே குஞ்சுகள் மேல் நிற்கிறது, பாவம்.

கடைசிக் குஞ்சு, மூத்தது கொத்த வந்தாலே தலையைக் கவிழ்த்துப் படுத்துவிடுகிறது. இரை குறைந்தால் இப்படி நடக்கும், இயற்கை. அதில் நான் கைவைக்கப் போவதில்லை. ஆனால் ஆண் கொண்டுவந்த குச்சியோடு நைலான் தூண்டில் நரம்பும் வந்திருக்கிறது. ஒரு சுருள் அந்தக் குஞ்சின் காலருகே கிடக்கிறது. அது நாம் போட்ட குப்பை அல்லவா?

இப்படி நரம்பை அகற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இப்போது ஆள் ஏறினால் தாய் எழுந்துவிடும், குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடும். வளர்ந்த பிறகு ஏறினால் பயத்தில் முன்கூட்டியே குதித்துவிடும். எந்த வயதில், எவ்வளவு நேரத்துக்குள் முடித்தீர்கள்? வனத்துறை அனுமதிக்கு என்னென்ன ஆதாரம் கொடுத்தீர்கள்? கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் சொல்லமாட்டேன், மன்னிக்கவும். மழை விட்டதும் படம் போடுகிறேன்.