பிட் அழுகலா, செல்லரிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். சேமித்துவைத்த கோப்பில் நாளடைவில் பிட்டுகள் (0, 1 என்ற இலக்கங்கள்) தாமாகவே மாறிவிடும் கோளாறுதான் 'பிட் ராட்' (bit rot). நம் கையேட்டு மொழிபெயர்ப்பில் அதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> 'பிட் ராட்' என்பதற்குப் 'பிட் அழுகல்' போதும், சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது. 'தரவுச் சிதைவு' என்றாலும் எனக்குச் சம்மதம்.

சொல்லுக்குச் சொல் சரிதான். பொருளுக்குச் சரியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அழுகினால் நாறும், மூடி வைத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நாம் பெயர் தேடுகிற கோளாறு மூச்சே விடாது. கோப்பின் பெயர் அப்படியே இருக்கும், அளவில் ஒரு பைட்கூடக் குறையாது, கடைசியாகத் திருத்திய தேதியும் மாறாது. உள்ளே எங்கோ ஒரு 0 மட்டும் 1 ஆகியிருக்கும்.

தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கான கையேட்டில்தான் இந்தச் சொல் வருகிறது என்பதால் அவர்கள் பக்கமிருந்தே பார்ப்போம். கேமரா சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும், சுருக்கப்படாத ரா (RAW) கோப்பில் ஒரு பிட் புரண்டால் பெரும்பாலும் ஒரு புள்ளியின் நிறம் மாறும், அவ்வளவுதான். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் அதே ஒரு பிட் புரண்டால், அந்த இடத்துக்குக் கீழே படம் முழுக்க நிறம் திரிந்து பட்டை பட்டையாகிவிடலாம். வாடிக்கையாளர் சில ஆண்டுகள் கழித்து வந்து திருமணப் படத்தைக் கேட்கும் நாளில்தான் அது தெரியவரும்.

'சிதைவு' ரொம்ப அகலமான சொல். படம் பதிவாகும்போதே மெமரி கார்டை உருவினாலும் சிதைவு, வட்டு கீழே விழுந்தாலும் சிதைவு.

என் பரிந்துரை: செல்லரிப்பு. வெளியே சட்டம் முழுசாக நிற்க, உள்ளே அரித்துக்கொண்டே போவதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல் இது. சுவடிகளைப் படியெடுத்தே காப்பாற்றி வந்த மொழிக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை. அப்புறம், சொல் வளைந்துகொடுக்கிறது: செல்லரித்த கோப்பு, செல்லரிக்காத பிரதி. 'பிட் அழுகிய கோப்பு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'செல்' என்றதும் கைப்பேசியோ ஃப்ளாஷ் நினைவகத்தின் செல்லோ நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். வரும். ஆனால் இரண்டாவதில் குழப்பம்கூட நமக்குச் சாதகம்தான். ஃப்ளாஷ் நினைவகத்தால் ஆன எஸ்எஸ்டியில், பிட்டை மின்னூட்டமாகப் பிடித்துவைக்கும் நுண்ணறைதான் செல்; அதில் மின்னூட்டம் மெல்லக் கசிவதும் இந்தக் கோளாறுக்கு ஒரு காரணம். எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி 1 ஆண்டு தரவைத் தாங்கினால் போதும் என்பதுதான் குறைக்கடத்தித் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்பது. அலமாரியில் பூட்டிவைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல.

தனிச்சொல் எதற்கு என்ற கேள்விக்கும் வருகிறேன். இந்தக் கோளாறிலிருந்து காப்புப் பிரதி மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடாது. புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி தெரிந்ததுதான்: 3 பிரதிகள், 2 வகை ஊடகம், 1 பிரதி வேறிடத்தில். அப்படியே செய்தாலும், பழைய வட்டிலிருந்து புதியதற்கு மாற்றும்போது செல்லரித்த கோப்பும் சேர்ந்தே குடிபோகும். பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு (RAID) முறையில், ரெய்டு 1 என்ற வகை இரண்டு வட்டிலும் ஒன்றையே எழுதிவைக்கும். ஆனால் பின்னர் இரண்டும் வேறுபட்டால் எது நல்லது என்று அதற்குத் தெரியாது. ரெய்டைக் காப்புப் பிரதி என்று மொழிபெயர்ப்பவர்களை என்ன செய்வது என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

இங்கே கைகொடுப்பது செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் ஓர் எண். கார்டிலிருந்து இறக்கிய அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 அல்லது ஷா-256 என்ற முறையில் அதைக் கணக்கிட்டு எழுதிவைத்து, பிரதிகளோடு ஒப்பிட்ட பிறகே கார்டை அழிக்க வேண்டும். பிறகு அவ்வப்போது மறுபடி கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் இந்த வேலையைத் தாமே செய்கின்றன. செக்சத்துக்குச் 'சரிபார்ப்புத் தொகை' என்று புழங்குகிறோம். எம்டி5 வெறும் கூட்டுத்தொகை அல்ல என்றாலும், அந்தச் சொல் வேரூன்றிவிட்டது, பிடுங்க வேண்டாம்.

கையேட்டில் வாக்கியம் இப்படி அமையும், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

"சரிபார்ப்புத் தொகை பொருந்தாவிட்டால் கோப்பு செல்லரித்திருக்கலாம். அதன்மேல் எதையும் சேமிக்காமல், தொகை பொருந்துகிற பிரதியைத் தேடி எடுங்கள்."