ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு: திருகோணமலைக் கிராமப் பள்ளிக்கூட நினைவுகள்

குச்சவெளிப் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊர்ப் பழைய பள்ளிக்கூடத்தை இடிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. புது மாடிக் கட்டிடம் வருவது எனக்கும் சந்தோஷம்தான். பிள்ளைகளுக்கு நல்ல வகுப்பறையும் மலசலகூடமும் வேண்டும். ஆனால் அதற்காகப் பழைய மண்டபம் போக வேண்டியதில்லை. வளவு பெரியது, இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இப்படியான பள்ளியில் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன்.

எனக்குத் தெரிந்தது இது. இடுப்பளவு அரைச்சுவர், மேலே ஓடு, நடுவில் தட்டி எதுவும் கிடையாது. அரிவரிப் பிள்ளைகள், அதாவது எழுத்துப் பழகத் தொடங்கும் சின்னவர்கள், கிழக்குப் பக்கம் பாயில் இருப்போம். ஐந்தாம் வகுப்பு மேற்கு மூலையில் வாங்கில் இருக்கும். வாத்தியார் ஒருவர்தான். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் சொல்வார். அந்த நேரத்தில் நாலாம் வகுப்புக் கெட்டிக்காரி ஒருத்தி எங்கள் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதப் பழக்குவாள். மேல் வகுப்புப் பாட்டெல்லாம் கேட்டுக் கேட்டே எங்களுக்குப் பாடமாகிவிடும்.

இதை வசதியில்லாத காலத்துச் சமாளிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் பழையது. சென்னையில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், அங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் அதைக் கொண்டுபோனார். மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்குப் படிப்பிக்க வைத்து, அந்த அனுபவத்தை 1797இல் இலண்டனில் புத்தகமாக்கினார். பிறகு இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பல அந்த வழியில் நடந்தன.

மூதூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி, சுவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நல்லது. இடாப்புகள், அதாவது பிள்ளைகளின் பதிவேடுகள், எங்கே என்று பார்த்தீர்களா? கட்டிடத்தை இடிக்கிற அன்றைக்கு முதலில் குப்பைக்குப் போவது அலுமாரியில் கிடக்கும் பழைய கடதாசிதான்.

சேர்வு இடாப்பில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தொழில், விலகிய காரணம் எல்லாம் இருக்கும். பள்ளியின் நிகழ்வுக் குறிப்பேடான லொக் புத்தகத்தில் வித்தியாதரிசி (பள்ளியைப் பார்வையிடும் அதிகாரி) வந்து போனது, வெள்ளம், அம்மை நோய் என்று தலைமை ஆசிரியர் அவ்வப்போது எழுதி வைத்திருப்பார். நான் படிப்பித்த ஒரு பள்ளியின் லொக் புத்தகத்தில், 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட பிறகு, பட்டணத்திலிருந்து ஓடி வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதாக ஒரு வரி இருந்தது. 1964 டிசெம்பர் சூறாவளியில் கூரை போனதும் இருந்தது. அதே அலுமாரியில் இருந்த கடிதங்களில் 1960 வரை மிஷன் பாடசாலை முத்திரை, பிறகு அ.த.க. (அரசினர் தமிழ்க் கலவன்) பாடசாலை முத்திரை. உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதை நான் சட்டப் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்த முத்திரையில்தான் பார்த்தேன்.

2006இல் போரில் சம்பூர்ப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது உங்களுக்குத் தெரியும். பிறகு ஒருநாள் கடற்றொழில் செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை, பிறப்பே பதியப்படவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். காலங்கடந்த பதிவுக்குப் பள்ளிக்கூட அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள். அவர் படித்த பள்ளியின் இடாப்பைத் தேடிப் பிடித்தோம். கறையான் ஓரத்தைத் தின்றிருந்தது, ஆனால் அவருடைய வரி முழுசாக இருந்தது. தகப்பன் பெயரைப் பார்த்துவிட்டு அந்த மனுசன் அங்கேயே குந்திவிட்டார். அந்தப் புத்தகத்தை எரித்திருந்தால் அவருக்கு யார் சாட்சி சொல்வது?

இன்னொன்று. நனைந்த இடாப்பை வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டுவிடும். சுனாமிக்குப் பிறகு நாங்கள் பக்கங்களுக்கு நடுவே வெற்றுத் தாள் வைத்து, நிழலில் காற்றுப் படும்படி விரித்துக் காயவைத்தோம். அதில் நிறையவே மிஞ்சியது.

கிண்ணியாவிலிருந்து:

ஆசிரியை சொன்னது முழு உண்மை. என் வாப்பாவும் அப்படி ஒரு மண்டபத்தில்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். 1945 ஒக்டோபரில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது என்று எல்லோரும் சொல்வோம். கிராமத்துத் தமிழ்ப் பள்ளியில் அதற்கு முன்னரும் சம்பளம் கட்டவில்லை என்று வாப்பா சொல்வார். காசு கேட்டது ஆங்கிலப் பள்ளிகள்தான். அவருக்குக் கிடைக்காத மேல் படிப்பு அவருடைய தம்பிக்குக் கிடைத்தது. சிறிய தகப்பன் பின்னாளில் ஆசிரியராகி அதே மண்டபத்துக்கே படிப்பிக்கப் போனார்.

உவர்மலையிலிருந்து, கட்டிட வேலை செய்பவர்:

அந்தச் சுவரில் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து என்றால் அதன்மேல் சீமெந்து பூச விடவே விடாதீர்கள். நம் கடலோரத்தில் முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்லை) சுட்டு எடுத்த சுண்ணாம்பில் கட்டிய சுவர்கள் நிறைய. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சுவர் வழியாகவே வெளியேறும். சீமெந்தும் பிளாஸ்டிக் பெயின்டும் அதை அடைத்துவிடும். உள்ளே உப்புப் பூத்து, பூச்சு தகடு தகடாகக் கழரும். இன்னொரு ஊரில் நல்ல மனதோடு காசு சேர்த்துச் செய்த திருத்தம் இரண்டு மாரி கூடத் தாங்கவில்லை, என் கண்ணால் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை, இது போதும்.

கூரையில் உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றுங்கள். தகரம் போட்டால் பங்குனி வெயிலில் உள்ளே இருக்க முடியாது. மரம் சுவருக்குள் நுழையும் நுனியைக் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டும். கறையானும் உக்கலும் அங்கேதான் தொடங்கும்.

மீண்டும் குச்சவெளிப் பக்கத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. அதிபரிடம் கேட்டேன், இடாப்புகள் இருக்கின்றன. ஊர்ப் பொடியன்கள் அவற்றைப் படம்பிடித்துத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தோடும் பேசப் போகிறோம். உயிரோடு இருப்பவர்களின் விபரம் உள்ள பக்கங்களைப் பொதுவில் போட மாட்டோம்.

தொல்பொருள் சட்டம் காப்பாற்றும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்று கொள்வது 1815 மார்ச் 2க்கு முந்தியதை. எங்கள் மண்டபம் அந்தக் கணக்கில் வராது. ஊர் வேண்டும் என்று சொன்னால்தான் அது நிற்கும். பூட்டி வைத்தாலும் விழுந்துவிடும், ஆகவே காலையில் பாலர் வகுப்பும் பின்னேரம் வாசிகசாலையும் அங்கே நடத்தலாம் என்று கேட்கப் போகிறேன். 1990க்கு முந்திய பள்ளிக்கூடக் குழுப்படம் யாரிடமாவது இருந்தால் கூட்டத்துக்கு முன் அனுப்புங்கள்.