ரெக்ஸம் மேலேறிய சீசன்: ஒரு சந்தேகம்

கேள்வி: 2022-23 நேஷனல் லீக்கில் (இங்கிலாந்து கால்பந்தின் ஐந்தாம் நிலை லீக்) ரெக்ஸம் அணி 111 புள்ளி. இரண்டாமிடம் வந்த நாட்ஸ் கவுண்டி 107. இவ்வளவு எடுத்துமா நாட்ஸால் நேரடியாக மேல் லீக்குக்குப் போக முடியவில்லை?

பதில்: முடியாது. நேரடி இடம் ஒன்றுதான், இன்னொன்று பிளேஆஃப் (அடுத்த இடங்களில் வந்த அணிகள் மோதும் நாக்-அவுட்) வழியாக. கொடுமையான விதி.

இன்னொரு பதில்: எனக்கு இந்த இரண்டு அணிகளும் மோதிய ஏப்ரல் 10 ஆட்டம்தான் எல்லாம். ரெக்ஸம் 3-2 முன்னிலை, 90 நிமிடம் தாண்டிய இழப்பீட்டு நேரத்தில் நாட்ஸுக்குப் பெனால்டி. பார்க்கத் தைரியமில்லாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வர்ணனையாளர் அலறியதும் திருப்பினால், ரெக்ஸம் கோல்கீப்பர் பென் ஃபாஸ்டர் தடுத்திருக்கிறார்! ஓய்விலிருந்து திரும்பி வந்த மனிதர், அப்போது வயது 40. 12 நாள் கழித்து போரம்வுட்டை 3-1 என வென்று, 15 வருடம் கழித்து மேலே.

கேள்வி கேட்டவர்: சரி, நாட்ஸ் கதி?

பதில்: அவர்களும் ஏறினார்கள். வெம்ப்ளி மைதானத்தில் நடந்த பிளேஆஃப் இறுதியில் செஸ்டர்ஃபீல்டை பெனால்டி ஷூட்அவுட்டில் வென்று. அங்கேயும் பெனால்டி, பாருங்கள்!